கடைக்கோடிக் குழாயும் கேம் பெட்டியும்

எங்கள் குடிநீர் வழங்கல் துறையில் ஒருவர் என்ன பதவியில் இருக்கிறார் என்று கேட்க வேண்டியதே இல்லை. அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பார்த்தால் போதும். கை இல்லாத நாற்காலி என்றால் எழுத்தர். கை இருந்தால் கண்காணிப்பாளர். கையோடு மெத்தையும் இருந்தால் பகுதிப் பொறியாளர். சுழன்று, சாய்ந்து, முதுகு தலைக்கு மேலேயும் நீண்டிருந்தால் தலைமைப் பொறியாளர். நான் தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவன். எனக்கு நாற்காலி கிடையாது. ஜன்னலோரமாகச் சுவரில் சாய்ந்து நின்றுகொள்ளலாம், அதற்குத் தடையில்லை.

ஒருமுறை உதவிப் பொறியாளர் ஒருவருக்கு அவருடைய மாமனார் கார் வாங்கிக் கொடுத்துவிட்டார். அது பகுதிப் பொறியாளரின் காரைவிட ஒரு சாண் நீளம். அவர் தினமும் அதை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க ஆபீசுக்கு நடந்து வந்தார். அப்படிச் செய்யும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்துகொள்வதுதான் எங்கள் துறையின் பெருமை. எனக்கு மட்டும் அந்தப் புத்தி வேலை செய்யாமல் போனதால் வந்த வம்பு இது.

எனக்கு ஒரே தம்பி. தொலைதூர ஊர் ஒன்றில் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறான். நாங்கள் போனில் பேசினால் இப்படி இருக்கும்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"நீ?"

"ம்."

"சரி, வெச்சுடறேன்."

பாசம் இல்லாமல் இல்லை. அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அப்பா அப்படி, நானும் அப்படி, தம்பி எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது மாதிரி.

ஆனால் டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டால் கதையே வேறு. நாங்கள் விளையாடுவது லாரி ஓட்டுகிற ஆட்டம். துப்பாக்கி கிடையாது, வெடி கிடையாது. ஒருவர் ஸ்டீரிங் பிடிக்க வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்த்து வழி சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அவன் அந்த ஊரில், நான் இந்த ஊரில், இரண்டு பேர் காதிலும் ஹெட்செட். முகத்தைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்குப் பேச்சு வந்துவிடும். மனைவி தன்னைவிட்டுப் பிரிந்து போனதை அவன் உலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னான், ஒரு மலைப்பாதை வளைவில், லாரி நிறைய சிமெண்ட் மூட்டை இருக்கும்போது.

"பிரேக்கைப் பிடி அண்ணா. அவ போயிட்டா."

நான் பிரேக்கைப் பிடித்தேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன். பின்னால் வந்த வண்டிக்காரர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஆட்டத்தைத் தயாரிக்கிறவர்கள் ஒருநாள் அறிவித்தார்கள்: மாத முடிவிலிருந்து, ஊர் விட்டு ஊர் சேர்ந்து ஓட்டுவது கன்சோலின், அதாவது கேம் பெட்டியின், புதிய மாடலில் மட்டும்தான் நடக்கும். பழையதில் தனியாக ஓட்டிக்கொள்ளலாம். தம்பி உடனே புதியதை வாங்கிவிட்டான். "நீயும் வாங்கிடு அண்ணா" என்றான். குரலில் கெஞ்சல் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். அவன் கெஞ்சி நான் கேட்டதில்லை.

என் மனைவி பல் டாக்டர் ஒருவரிடம் வேலை பார்ப்பவள். வலி எங்கே இருக்கிறது என்று கேட்டே பழகியவள்.

"இருக்கறதே நல்லாத்தானே ஓடுது?" என்றாள்.

"புதுசுல படம் ரொம்பத் துல்லியமா இருக்குமாம். மரத்துல இலை ஆடறதுகூடத் தனித்தனியாத் தெரியுமாம்."

"இலை ஆடறதைப் பாக்கணும்னா ஜன்னலைத் திறங்க. காசில்லாம பாக்கலாம்."

"வண்டி இன்னும் வேகமா…"

"உங்களுக்கு எதுக்குங்க வேகம்? சைக்கிள்லயே காலைத் தேய்ச்சுக்கிட்டுத்தானே போவீங்க?"

சுற்றி வளைத்துப் பயனில்லை என்று தெரிந்தது. "தம்பி வேற யார்கிட்டயும் பேசறதில்லை" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? இலையாம், வேகமாம். வாங்கித் தொலைங்க" என்றாள்.

வீட்டில் முடிவாகிவிட்டது. ஆனால் எங்கள் துறையில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு எந்த விலையுயர்ந்த பொருள் வாங்கினாலும் முன் அனுமதி பெற வேண்டும். டிவி, வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சாதாரணமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நான் நல்ல பிள்ளையாகக் காரணத்தையும் எழுதிக் கொடுத்தேன்: "இப்போது இருப்பதைவிட அதிகத் திறன் வாய்ந்தது." அதோடு என் கதை முடிந்தது.

கண்காணிப்பாளருக்கு ஆபீசில் பட்டப்பெயர் வால்வு. ரொம்ப நேரம் திருகினால்தான் எதையும் விடுவார். அவர் என் விண்ணப்பத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார், பிறகு தூர வைத்துப் பார்த்தார்.

"அதிகத் திறன்னா, யாரைவிட?"

"யாரையும்விட இல்ல சார். இப்ப என்கிட்ட இருக்கற மெஷினைவிட."

"பகுதிப் பொறியாளர் வீட்டுல என்ன மெஷின் இருக்கு?"

அது எனக்கு எப்படித் தெரியும்? அவரே உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தார். பகுதிப் பொறியாளருடைய மகனும் என்னிடம் இருக்கிற அதே பழைய மாடலில்தான் விளையாடுகிறானாம். வால்வின் முகம் வெளிறிவிட்டது.

"இத்தனை வருஷமா நீயும் அவரும் சமமாவே இருந்திருக்கீங்க. இது எனக்குத் தெரியாமப் போச்சே. இப்ப அவரைத் தாண்டிப் போகணும்கறே?"

"தம்பியோட பேசறதுக்காகத்தான் சார்."

"தம்பி இருக்கட்டும். இதோ பாரு, நான் எதையும் மறுக்கறவன் இல்லை. அனுமதிக்கறவனும் இல்லை. மேல அனுப்பறவன். என் சர்வீஸ்ல ஒரு முடிவுகூட நான் எடுத்ததில்லை. அதனாலதான் என்மேல இதுவரைக்கும் ஒரு புகார் கிடையாது." இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

விஷயம் மேலே போயிற்று. மேலே போனது இன்னும் மேலே போயிற்று. தலைமைப் பொறியாளர் ஒரு குழு அமைத்தார். அதற்குத் திறன் ஒப்பீட்டுக் குழு என்று பெயர். நான் என் கேம் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போய், நீள மேசையின் நடுவில் வைத்தேன். பொறியாளர்கள் எல்லோரும் எழுந்து வந்து அதைச் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். ஒருவர் அதைத் தட்டிப் பார்த்தார். இன்னொருவர் அதில் காதை வைத்துக் கேட்டார்.

"இதுக்குள்ள எவ்வளவு போகுது, எவ்வளவு வெளிய வருது?" என்று கேட்டார் பகுதிப் பொறியாளர்.

"தண்ணி எதுவும் போகாது சார்."

"கசிவு எவ்வளவு?"

"கசிவே இல்ல சார்."

தலைமைப் பொறியாளர் நெற்றியைச் சுருக்கினார். "கசிவே இல்லாத ஒரு அமைப்பை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. எங்கேயோ மறைக்கறாங்க" என்றார்.

பிறகு அவர் எழுந்து பலகையில் ஒரு படம் போட்டார். மேலே ஒரு தொட்டி. அதிலிருந்து பெரிய குழாய், அதிலிருந்து நடுத்தரக் குழாய், அதிலிருந்து சின்னக் குழாய், கடைசியில் ஒரு வீட்டுக் குழாய். நாங்கள் ஊர் முழுக்கப் போடுகிற படம்தான். தொட்டிக்குப் பக்கத்தில் தன் பதவியை எழுதினார். கடைசிக் குழாய்க்குப் பக்கத்தில் மீட்டர் பார்ப்பவர் என்று எழுதினார்.

"கீழே போகப் போகக் குழாய் சின்னதாகணும். அப்பத்தான் அழுத்தம் நிக்கும்" என்றார். "கடைக்கோடியில கொண்டுபோய்ப் பெரிய குழாயைப் போட்டா என்ன ஆகும்? மேல இருக்கறதெல்லாம் கீழ இறங்கிடும். தொட்டி காலி. நான் இந்தத் துறையில ரொம்ப வருஷமா இருக்கேன். எனக்குக் கீழ இருக்கறவங்க யாருக்கும் என்னைவிட ஒரு விஷயம் அதிகமாத் தெரிஞ்சதில்லை. தெரிஞ்சிருந்தாலும் அவங்க சொன்னதில்லை. அதுக்குப் பேர்தான் நிர்வாகம்."

எல்லோரும் கைதட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாமல் நானும் தட்டினேன்.

அப்போது வால்வு தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்டார். அவர் வாயைத் திறந்ததுதான் அன்றைக்கு என்னைப் பிடித்த சனி. "ஐயா வீட்டுல என்ன மாடல் இருக்குன்னு தெரிஞ்சா, அதுல இருந்து ஒவ்வொருத்தருக்கும் குறைச்சுக்கிட்டே வந்துடலாம்."

"என்கிட்ட எதுவும் இல்லையே" என்றார் தலைமைப் பொறியாளர்.

எல்லோரும் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். தொட்டியில் ஒன்றும் இல்லை. அப்படியானால் அதற்குக் கீழே இருக்கிறவர்களிடம் ஒன்றுமில்லாததைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பொறியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கணக்கு சரியாகத்தான் வந்தது. புதிய கேம் பெட்டி வாங்க அனுமதி கேட்டுப் போன எனக்கு, என் பழைய கேம் பெட்டியே விதிமீறல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுத்தம் சீராகும்வரை அதை ஸ்டோரில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். பகுதிப் பொறியாளரும் தன் மகனுடையதை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. மறுநாள் அவர் அதைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவது மாதிரி கொண்டுவந்தார். என்னைப் பார்த்த பார்வையில் என் இடமாற்ற உத்தரவு தெரிந்தது. ஸ்டோர்காரர் இரண்டு பெட்டியையும் பழைய வால்வுகளுக்கும் துருப்பிடித்த திருகுகளுக்கும் நடுவில் வைத்துப் பூட்டினார்.

சனிக்கிழமை சாயங்காலம் டிவிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது.

"அண்ணா, வரலையா?"

"பெட்டி ஆபீஸ்ல இருக்குடா."

"ஏன்?"

எப்படிச் சொல்வது? தொட்டி காலி என்றா? "ஒரு சின்ன வேலை" என்று பூசி மெழுகினேன்.

"சரி. சாப்பிட்டியா?"

"ம். நீ?"

"ம்."

அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் உறுமுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் வீட்டில் வேறு சத்தமே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குப் பயமாகிவிட்டது. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை அவன் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுநாள், "தூங்கிட்டேன்" என்று ஒரு வார்த்தை அனுப்பினான். சாயங்காலத்தில் தூங்குகிறவன் இல்லை அவன். என் மனைவி போனை வாங்கி அந்த வார்த்தையைப் படித்துவிட்டு, "நீங்க ஆபீஸ்ல யார் காலைப் பிடிச்சாவது அந்தப் பெட்டியை வாங்கிட்டு வாங்க" என்றாள்.

நான் வால்வு சாரின் மேசைக்கு முன்னால் போய் தினமும் நின்றேன். "மேல போயிருக்கு" என்றார். ஒருநாள், "என் தம்பி தனியா இருக்கான் சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "தனியா இருக்கறதுக்கு அனுமதி தேவையில்லை. அதுல நம்ம துறை தலையிட முடியாது" என்றார்.

காரியத்தை நடத்தியது பகுதிப் பொறியாளரின் மகன். அவன் வீட்டில் சாப்பிட மாட்டேன், படிக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததில் பகுதிப் பொறியாளர் இளைத்துப் போய்த் தலைமைப் பொறியாளரிடம் ஓடினார். "ஐயா, உங்க தகுதிக்கு ஒரு மெஷின் இல்லாம இருக்கறது துறைக்கே அவமானம். கடையில இருக்கறதிலயே பெரிசா ஒன்னு வாங்கிடுங்க. தொட்டி நிறைஞ்சா நாங்களும் பிழைப்போம்" என்றாராம். தலைமைப் பொறியாளருக்கு அது நியாயமாகப் பட்டது. கடையில் இருப்பதிலேயே திறன் அதிகமான கன்சோல் அவர் வீட்டில் வந்து இறங்கியது. ஆனால் அதை எப்படித் திறப்பது என்று துறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. நீரேற்று நிலையத்தைத் திறக்கத் தெரியும், மேல்நிலைத் தொட்டியைத் திறக்கத் தெரியும். கடைசியில் கடைக்கோடிக் குழாயான என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொன்னார்கள்.

தலைமைப் பொறியாளரின் வீடு பெரியது. அவருடைய மனைவி, மகள் வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் ஆகிறதாம். வேலைக்கார அம்மாளும் போய்விட்டிருந்தார். கூடத்தில் கன்சோலுக்கு வால்வு காலையிலேயே வந்து சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டுப் போயிருந்தார். தலைமைப் பொறியாளர் அதைக் கத்தரித்தார். கைதட்ட நான் ஒருவன்தான் இருந்தேன், தட்டினேன். பிறகு ஒயர்களைச் சொருகி, என் பெயரில் ஆட்டத்தைத் திறந்தேன்.

"ஸ்டீரிங் யார்கிட்ட இருக்கணும்?" என்று கேட்டார்.

"ஓட்டத் தெரிஞ்சவங்ககிட்ட சார்."

அவர் என்னைப் பார்த்தார்.

"உங்ககிட்ட சார்" என்றேன்.

புதிய லாரியில் மூன்று பேர் உட்காரலாம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னேன். சோபாவின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது இருக்கையில் திடீரென்று ஒரு பெயர் மின்னியது. தம்பி! ஒரே ஒரு ஹெட்செட்தான், அதையும் அவர் மாட்டியிருந்ததால் குரல் டிவியிலும் வரும்படி வைத்திருந்தேன்.

"அண்ணா!" கூடம் முழுக்கக் கேட்டது. "வாங்கிட்டியா? சொல்லவே இல்லை! ஏய், ஏய், பாலம், பாலம்! யாரு ஓட்டறது? கண்ணைக் கழட்டி வெச்சுட்டா ஓட்டறாங்க?"

லாரி பாலத்தின் கைப்பிடியை இடித்துக்கொண்டு நின்றது. இந்த வீட்டில் இந்தத் தொனியில் யாரும் பேசி நெடுநாள் ஆகியிருக்க வேண்டும். தலைமைப் பொறியாளரின் வாய் பாதி திறந்திருந்தது.

"டேய், எங்க தலைமைப் பொறியாளர்டா" என்றேன்.

டிவியிலிருந்து மெதுவாக, "வணக்கம் சார்" என்று வந்தது. லாரி மறுபடி கிளம்பியது. இரண்டு பக்கமும் மரம். இலைகள் தனித்தனியாக ஆடின. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"சாப்பிட்டியா அண்ணா?"

"ம். நீ?"

"ம்."

தலைமைப் பொறியாளர் கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். "இதுக்கா இவ்வளவு அமர்க்களம்?" என்றார் என்னிடம். "குழு போட்டு, மெஷின் வாங்கி… இதைப் போன்லயே பேசியிருக்கலாமே."

எனக்குக் கோபம் வந்தது. துறையில் சேர்ந்த நாளிலிருந்து வராத கோபம்.

"நீங்க எழுந்து போனா பேசுவான் சார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. நாளைக்கே எந்தக் காட்டு நீர்த்தேக்கத்துக்கு மாற்றலாகிப் போகப் போகிறேனோ என்று மனம் கணக்குப் போட்டது. ஆனால் வாயை மூடத் தோன்றவில்லை. "அவன் பல நாளா யார்கிட்டயும் பேசலை சார். எனக்குப் பயமா இருக்கு."

அவர் டிவியைப் பார்த்தார். அங்கே யாரும் ஓட்டாத லாரி தானாக ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தது. ஹெட்செட்டைக் கழற்றி என் மடியில் வைத்தார். ஸ்டீரிங்கை என் கையில் கொடுத்தார். எழுந்து நின்று, தன் வீட்டில், என்னிடம் கேட்டார். "எங்க போகணும்?"

"அந்த ரூமுக்குப் போய் கதவைச் சாத்திக்கிட்டாப் போதும் சார்."

போனார். கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. நான் டிவி சத்தத்தை அணைத்துவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.

"போயிட்டாரா?"

"போயிட்டார். நீ வழி சொல்லு."

"நேரா போ" என்றான். நேராகப் போனேன். ஒரு ஊர் தாண்டியது. அடுத்த ஊர் வரும்போது ஆரம்பித்தான். வேலைக்குப் போய்ப் பல நாளாகிறதாம். காலையில் எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று இருக்கிறதாம். "பேசறது எப்படின்னே மறந்துடுமோன்னு பயந்துட்டேன் அண்ணா. கடைக்குப் போனா கையை நீட்டிக் காட்டி வாங்கிட்டு வந்துடறேன்." நான் நடுவில் பேசவில்லை. வண்டியை ஆட்டாமல் ஓட்டினேன். அதுதான் என் வேலை.

பின்னால் கதவு ஒரு விரல் அளவு திறந்தது. "உள்ள வரலாமா?" என்றார் தலைமைப் பொறியாளர், ரொம்ப மெதுவாக.

"கொஞ்சம் பொறுங்க சார்."

"சரி சரி." கதவு சாத்திக்கொண்டது.

தம்பி மூக்கை உறிஞ்சினான். "அண்ணா, ஒன்னு கேக்கட்டா? நான் அங்கயே வந்துடட்டுமா? இப்பவே சொல்ல வேண்டாம். நீயும் அண்ணியும் யோசிச்சு…"

"யோசிக்க என்னடா இருக்கு? அண்ணி எப்பவோ உன்னைக் கூப்பிடச் சொல்லிட்டா. எனக்குத்தான் வாய் வரலை. கிளம்பி வா."

அவன் அழுதானா சிரித்தானா என்று ஹெட்செட்டில் தெரியவில்லை. எனக்குக் கண் மறைத்ததில் லாரி வயலுக்குள் இறங்கிவிட்டது. பிறகு ரோட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

"அப்ப என் மெஷினையும் எடுத்துட்டு வரவா?" என்றான்.

மூடிய கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"நீ வா. அதுக்கு யாரையும் கேக்க வேண்டாம். மெஷினுக்குத்தான் மேல கேக்கணும்."